வெள்ளம் கேட்ட உறுப்பினர்

மக்கா,

இன்று காலை சட்டையைத் துவைக்கப் போடும் முன் பையைத் துழாவினேன். கொட்டைப்பாக்கு அளவில் கறுப்பாக ஒரு பஞ்சு கையில் தட்டுப்பட்டது. காதில் மாட்டும் கருவியின் நுனியில் இருக்குமே, அது. வேல்ஸ் நாட்டுச் சட்டமன்றத்தில் எனக்குக் கிடைத்தது. சபாநாயகர் எழுந்து வந்து நினைவுப் பரிசாகத் தந்தார் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் அது செல்லாது. கருவியை வாசலில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பஞ்சு மட்டும் கழன்று என் காதோடு வந்துவிட்டது. "நீ சொல்லுகதுல பாதியத் தள்ளணும், மிச்சத்தக் காயப் போடணும்" என்று நாற்பது வருடம் என்னைச் சலித்துச் சலித்தே கேட்டவன் நீ.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தக்கலை தாலுகா ஆபீஸ் வாசலில் மேசை போட்டு ஊரான் ஊரானுக்கெல்லாம் மனு எழுதினேன். கலெக்டர் என் கையெழுத்தைப் பார்த்தே மனுவில் கையொப்பம் போட்டார் என்று ஒரு கதை உண்டல்லவா, அதைக் கிளப்பியதும் நானே. எட்டாம் வகுப்புதான் படித்தேன்; அந்தக் காலத்து எட்டு இந்தக் காலத்து எம்.ஏ.வுக்குச் சமம். இப்படிப்பட்ட கை உனக்கு மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. எழுதிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் வேல்ஸைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் கார்டிஃப் ஊரில் நர்சாக இருப்பது உனக்குத் தெரியும். போன வருடம் மூன்று மாதம் அவளோடு போய் இருந்தேன். விமானத்தில் பக்கத்து இருக்கையில் வந்தவர் ஒரு பிரபு. வேர்க்கடலையைக்கூட முள்கரண்டியால் குத்தித்தான் தின்றார். சரி, பிரபுவைத் தள்ளிக்கொள். மழையைத் தள்ளாதே. நம் ஆனி ஆடி மாதத்துச் சாரல் அங்கே வருடம் முழுக்க நிற்கிறது. வீட்டுக்குள் அடைந்து கிடந்து எனக்குப் பைத்தியம் பிடிப்பதைப் பார்த்து ஒரு நாள் மகள் சொன்னாள்:

"அப்பா, ஒங்களுக்கு அரசியல்னா உயிருல்லா. இங்கயும் ஒரு சட்டசபை இருக்கு. சும்மா போய் ஒக்காந்து பாக்கலாம். காசும் கிடையாது, பாசும் கிடையாது."

"மந்திரி சிபாரிசு வேண்டாமா?"

"பைய காட்டினா போதும். உள்ள என்ன வச்சிருக்கோம்ணு பாப்பாங்க."

போனோம். கடல் ஓரத்தில் கண்ணாடியால் கட்டிய மண்டபம். கூரையிலிருந்து மரத்தால் செய்த பெரிய புனல் ஒன்று இறங்கி நிற்கிறது. நம் எண்ணெய்க்கடைப் புனலை ஆயிரம் மடங்கு பெரிதாக்கியது போல. அதன் அடியில் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால் சபை. எங்கள் காதில் கருவி மாட்டினார்கள். அங்கே இரண்டு பாஷை. ஆங்கிலத்தில் பேசலாம், அவர்களுடைய வேல்ஸ் பாஷையிலும் பேசலாம். பாஷை தெரியாதவன் காதில் இதை மாட்டிக்கொண்டால் ஆங்கிலத்தில் சொல்லித் தருவார்கள். வேல்ஸ் பாஷை எனக்குப் பாதி அப்போதே பிடிபட்டுவிட்டது. பிடிபடாத பாதியையும் பிடிபட்ட பாதியையும் மகள் கருவியில் கேட்டுத் தமிழில் சொன்னாள்.

ஒருவர் எழுந்தார். அறுபது வயது இருக்கும், கழுத்துப்பட்டை கோணலாக, கையில் மடித்த தாள். வடக்கே மலையும் ஆடுமாக இருக்கும் ஒரு வட்டாரத்தின் உறுப்பினராம். மகளுக்கு அவரைத் தெரியும். ஆஸ்பத்திரி சமாச்சாரங்களை அடிக்கடி பேசுவதால் நர்சுகள் அவர் பேச்சைப் போனில் பார்ப்பார்களாம். பெரிய விஷயம் எதையும் அவர் தொடுவதில்லை. இன்ன ஊருக்குப் பஸ்ஸை நிறுத்திவிட்டீர்கள், இன்ன சின்னப் பட்டணத்தில் வங்கியை மூடிவிட்டீர்கள், இன்ன ரோட்டில் ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதிப் பலகை வைத்திருக்கிறீர்கள் என்று இவையே அவர் கேட்பது. நீயும் ஒரு சபையில் இப்படி எழுந்து நின்றவன்; ஆனாலும் அதைக் கேட்டபோது எனக்கு உன் ஞாபகம் வரவில்லை. பொய் சொல்லமாட்டேன். வரவில்லை.

அன்று அவர் ஒரு வயதான அம்மாளைப் பற்றிப் பேசினார். மகள் என் காதருகே சொன்னாள்:

"அவங்கள ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்களாம்பா. மறதி நோய். படிச்ச இங்கிலீஷ் எல்லாம் போச்சு, பெத்த தாய் பேசின பாஷைதான் மிச்சம். வெள்ளம் கேட்டிருக்காங்க. நர்சுக்கு மனசிலாவல்ல."

"பொறவு?"

"பொறவென்ன, தொண்டை வறண்டு கெடந்திருக்காங்க. சாயங்காலம் மக வந்த பொறவுதான் குடிச்சாங்களாம். அந்த அம்மா கேட்ட வார்த்தைய அப்பிடியே சொல்லப் போறாரு, கேளுங்க."

அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சொல்லை மட்டும் சொன்னார். என் காதில் "டூர்" என்று விழுந்தது.

"டூரா? எங்கோட்டு? கொடைக்கானலுக்கா?" என்றேன். சொன்னதோடு நில்லாமல் சிரித்தேன். என் சிரிப்பு உனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் சிரித்தால் விசில் என்று நினைத்து டிரைவர் பஸ்ஸை எடுத்துவிடுவான்.

"சும்மா இரிங்கப்பா," என்று மகள் தொடையில் கிள்ளினாள். "வெள்ளத்துக்கு அவங்க பேரு அது."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீழே ஒருவரும் சிரிக்கவில்லை. அமைச்சர் எழுந்து அவர் பாஷையிலேயே பதில் சொன்னார். அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அந்தப் பாஷை தெரிந்தவர் ஒருவராவது அந்த வார்டில் இருக்கும்படி பார்க்கிறேன் என்று சொன்னதாக மகள் பிறகு சொன்னாள். அப்போது என் காதில் எதுவும் ஏறவில்லை. வெள்ளம். சபை. சிரிப்பு. மூன்றும் என் தலைக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. அங்கே சிரித்த ஒரே ஆள் நான்.

அடுத்த நாள் மகள் சபைக் குறிப்பைப் போனில் எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் அவர் பேசியது பேசியபடி, மறுபக்கம் அதன் ஆங்கிலம். அந்த அம்மாள் கேட்ட சொல்லும் அங்கே இருந்தது. மூன்றே எழுத்து. நடு எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கூரை. அதன் மேல் விரலை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "என்னப்பா, கண்ணு கலங்குது?" என்றாள். குளிர் என்றேன்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன்.

தக்கலை ஜங்ஷனில் உரக்கடை வைத்திருந்த நீ எம்.எல்.ஏ. ஆன புதிது. அந்த வருடம் மாசியில் அறுக்க வேண்டிய கும்பப்பூ நெல் பால் பிடிக்கும் சமயத்தில் நம் பக்கத்துப் பாசனச் சானல் வற்றிப்போனது. மேல்மடைக்காரனுக்கு ஓடிய நீர் கடைமடைக்கு வரவில்லை. நம் ஏலா முழுக்க, அத்தனை வயலும் வெடித்துக் கிடந்தது. உன்னிடம் கடனுக்கு உரம் வாங்கியவர்களும் வாங்காதவர்களும் உன் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "ஒன்ன ஜெயிக்க வச்சது போஸ்டர்ல பாக்கதுக்கா?" என்று ஒரு கிழவர் கேட்டார். நீ அன்று மதியமே என் மேசைக்கு வந்தாய்.

"மக்கா, சபையில ரெண்டு நிமிசம் தந்திருக்காங்க. இத நல்ல படியா எழுதித் தா. ஒனக்க எழுத்துன்னா கண்ணாடி இல்லாம வாசிப்பேன்."

"ரெண்டு நிமிசத்துக்கு நாலு பக்கம் போதுமா?"

"லேய், கூட ஒண்ணும் சேக்காத. இருக்கியத எழுது."

உன் தாளைப் பார்த்தேன். கோழி கிளறியது போல எழுத்து. முதல் வரியில் "வெள்ளம்" என்று எழுதி அடித்துவிட்டு மேலே "தண்ணீர்" என்று எழுதியிருந்தாய். அதன் பிறகு எல்லா இடத்திலும் தண்ணீர்தான். ஏன் அடித்தாய் என்று கேட்டேன்.

"நமக்கு வெள்ளம்னா குடிக்கியது. அங்க உள்ளவனுக்கு வெள்ளம்னா ஆள இழுத்துட்டுப் போறது. ரெண்டு நிமிசத்துல அர்த்தம் சொல்லிக்கிட்டா நிக்க முடியும்?"

உனக்குத் தெரிந்திருந்தது. இதை நீ இருந்தவரை ஊரில் ஒருவனிடமும் நான் சொன்னதில்லை. தண்ணீர் என்றுதான் நீ எழுதினாய்.

நீ போன பிறகு நான் எழுத உட்கார்ந்தேன். தண்ணீர் என்று எழுதினால் அடுத்து என்ன வரும்? கண்ணீர்தான். தண்ணீர், கண்ணீர். மனு எழுதும் கழுதையெல்லாம் அதைத்தான் எழுதுகிறது. நான் எழுதலாமா? சபையில் உள்ளவன் எழுதியது யார் என்று கேட்க வேண்டாமா? பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு யோசித்தேன். வந்துவிட்டது. வெள்ளம், உள்ளம். "வெள்ளம் வந்தால்தான் எங்கள் மக்களின் உள்ளம் குளிரும்." எழுதிவிட்டு நானே எனக்கு ஒரு டீ வாங்கிக் குடித்தேன். பிறகு அந்த ஒரு வரி ஒட்டாமல் தெரியக்கூடாது என்று எல்லாத் தண்ணீரையும் வெள்ளமாக்கினேன். ஐந்து இடம். நம் மண்ணின் சொல் சபையில் மணக்கட்டும் என்று பிற்பாடு எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். காரணம் உள்ளம் மட்டும்தான்.

நாகர்கோவில் ரயில் நிலையத்தில் தாளைத் தந்தேன். நீ மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய்.

"வாசிச்சுப் பாக்கல்லியா?"

"நீ எழுதினத நான் வாசிச்சா பாக்கணும்?"

அன்று நீ வாசித்திருக்கலாம், மக்கா. ரயில் கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. அதைத்தான் இன்றுவரை உன்மேல் ஒரு குற்றமாக வைத்திருக்கிறேன். ஒருவனை இப்படி நம்புவதும் ஒரு வகையில் அவன் தலையில் பாரத்தைத் தூக்கி வைப்பதுதான்.

சபையில் நடந்ததை நான் பார்வையாளர் காலரியில் உட்கார்ந்து பார்த்ததாக நூறு இடத்தில் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் நான் தக்கலையில் ஒரு பட்டா மாறுதலுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். உன்னோடு போனவன் வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். நீ எழுந்தாய். என் எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் வாசித்தாய். "எங்கள் கடைமடையில் இரண்டு வாரமாக வெள்ளம் இல்லை" என்றாய். யாரோ ஒருவர் "சந்தோஷம்" என்றார். நீ நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வாசித்தாய். நாக்குக்கு அது பிறந்ததிலிருந்து பழகிய சொல், தடுக்கவில்லை. "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் தயவுகூர்ந்து எங்களுக்கு வெள்ளம் விட வேண்டும். வெள்ளம் வந்தால்தான் எங்கள் மக்களின் உள்ளம் குளிரும்." சிரிப்பு தொடங்கி வரிசை வரிசையாகப் பரவியதாம். நீ "தண்ணீர், தண்ணீரைத்தான் சொல்கிறேன்" என்று திருத்துவதற்குள் மணி அடித்துவிட்டது. உட்கார்ந்தாய்.

மறுநாள் பேப்பரில் பெட்டி போட்டு வந்தது: வெள்ளம் கேட்ட உறுப்பினர்.

இனி எழுதப் போவதுதான் எனக்குக் கஷ்டம். அந்தப் பேப்பரை நம் ஊர் டீக்கடையில் வாசித்தபோது ஒருவனும் சிரிக்கவில்லை. "வெள்ளம் கேட்டான், செரி. வெள்ளம் இல்லன்னா கேக்கத்தானே செய்யணும். இதுல என்னத்த பெட்டி?" என்றார் கடைக்காரர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அப்படியே விட்டிருந்தால் உன் கதை அந்தப் பெட்டியோடு முடிந்திருக்கும். நான் விடவில்லை. செந்தமிழ் தெரிந்த ஆள் நான் ஒருவன் அங்கே இருந்தேனே. பெஞ்சின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விளக்கினேன்.

"வடக்க வெள்ளம்னா அணை ஒடஞ்சு வாறது ஓய். நம்ம ஆளு சபையில எந்திச்சு, ஐயா எங்க ஊர முக்கி விடுங்கன்னு கேட்டிருக்கான்."

கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பு இருக்கிறதே, மக்கா, என் ஆயுசில் நான் சம்பாதித்த முதல் பெரிய சிரிப்பு அது. அதை விட முடியவில்லை. மறுநாள் என் கதையில் அமைச்சர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தார். அடுத்த வாரம் உனக்குப் படகு தருவதாக ஒரு உறுப்பினர் சொன்னார். மாதக் கடைசியில் நீயே நீச்சல் கற்றுக்கொள்ளக் கிளம்பிவிட்டாய். எல்லாம் என் வாயில் பிறந்தவை. "நீ எழுதிக் குடுக்கல்லியா?" என்று ஒருவன் கேட்டான். "நான் தண்ணீர்ணுதான் எழுதினேன், அவன் அங்க போய் மாத்திட்டான்" என்றேன். யோசிக்காமல் வந்தது. யோசிக்காமல் வந்த பொய்தான் நின்றது.

அந்தக் கும்பப்பூ கருகியது. உன் பெயர் போய் "வெள்ளம்" என்று ஒரு பெயர் வந்தது. அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரன் சுவரில் பெரிதாக எழுதினான்: வெள்ளம் வருது, ஓட்டு போடாதே. நீ தோற்றாய். தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு என்று ஊர் சொல்லும். நானும் சொல்வேன், சொல்வது எனக்குச் சௌகரியம்.

நீ சபையில் வேறு எதுவும் பேசவில்லையா? பேசினாய். மார்த்தாண்டம் ரோட்டில் நெரிசல் பற்றி, நம் ஆஸ்பத்திரியில் பாம்புக்கடி மருந்து இல்லாததைப் பற்றி, ரப்பர் பால் வெட்டுபவர்களின் மழைக்காலக் கூலி பற்றி. எழுந்த எல்லா நாளும் யாராவது ஒருவர் "வெள்ளமா?" என்று மெல்லக் கேட்பாராம். நீயே ஒருமுறை என்னிடம் சொன்னாய், சிரித்துக்கொண்டே. அதன் பிறகு எழுவதைக் குறைத்துக்கொண்டாய்.

உன் மகள் கல்யாணப் பந்தியில் நடந்தது ஞாபகம் இருக்கும். சம்பந்தி வீட்டுப் பையன் ஒருத்தன் ஜக்கோடு வந்து உன் இலை முன்னால் நின்றான். "மாமாவுக்கு வெள்ளம் போதுமா, இல்ல அணையத் தொறக்கச் சொல்லட்டா?" பந்தி சிரித்தது. எல்லாருக்கும் மேலே கேட்டது என் சத்தம். நீ நிமிர்ந்து என்னை மட்டும் பார்த்தாய். பிறகு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாய். சாப்பாடு முடியும்வரை நீ குடிக்கவில்லை. கடைசியில் வந்த அடப்பிரதமன் பாயசத்தையும் தொடாமல் எழுந்தாய்.

ஒரே ஒரு முறைதான் கேட்டாய். சர்க்கரை கூடி உன் கால் விரலில் புண் ஆறாமல் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். வில்லுக்குறி தாண்டியதும் சொன்னாய்:

"நேத்தும் டீக்கடையில கதை சொன்னியாமே. அமைச்சரு விழுந்தாரு, படகு வந்து, எல்லாம் சொன்னியாம்."

"சும்மா ஒரு தமாசுக்கு மக்கா."

"எல்லாம் சொன்ன. அந்தத் தாளச் சொல்லல்லியே."

"எந்தத் தாளு?" என்றேன்.

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். சுங்கான்கடை வந்து போனது. பார்வதிபுரம் வந்தது. "செரி, விடு" என்றாய். இரண்டே சொல். என்னைச் செவிட்டில் ஒன்று விட்டிருக்கலாம். பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் காறித் துப்பியிருக்கலாம். அந்தத் தாளை நாலு பேரிடம் காட்டியிருந்தால் என் எழுத்து என்று குருடனுக்கும் தெரியும். நீ ஒன்றும் செய்யவில்லை. பெருந்தன்மையாக இருந்துவிட்டாய். உன் பெருந்தன்மை எனக்குப் பிடிக்கவில்லை, மக்கா. இப்போதும் பிடிக்கவில்லை. என்னை ஒரு சின்ன மனுஷனாக்கி வைத்துவிட்டு நீ போய்விட்டாய்.

உன் சாவுக்கு ஊர்ப் பையன்கள் ஃப்ளெக்ஸ் அடித்திருந்தார்கள். உன் படத்துக்குக் கீழே "எங்கள் வெள்ளம் அண்ணாச்சி" என்று போட்டிருந்தார்கள், பாசத்தில்தான். பந்தலில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். என்ன பேசினேன் என்று நினைக்கிறாய்? அதேதான். அமைச்சர் நாற்காலியிலிருந்து விழுந்தார். சாவு வீடு என்றும் பாராமல் சிரித்தார்கள். உள்ளே ஜன்னல் ஓரம் உன் மனைவி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும்.

கார்டிஃபிலிருந்து திரும்பியதும் ஒரு முடிவு எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது. எங்கே கதை கட்டினேனோ அந்த டீக்கடையிலேயே. கூட்டம் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். தாளில் நீ எழுதியது, நான் மாற்றியது, வெள்ளமும் உள்ளமும், ரயில் நிலையம், பந்தி, பஸ், எல்லாம் சொன்னேன். ஒன்றும் சேர்க்கவில்லை. முடித்ததும் கடைக்காரர் மகன், இப்போது கடை அவனுடையது, ஆற்றிய டீயை என் முன் வைத்தான்.

"மாமா, இது கொள்ளாமே, நல்லா இருக்கே! வெள்ளம், உள்ளம். புதுசா சேத்திருக்கியல்லா?"

"சேக்கல்ல மக்கா. சத்தியம். நான்தான் எழுதினேன்."

"செத்த மனுசனுக்க பேரு நல்லா இருக்கட்டும்ணு பழியத் தன் தலையில ஏத்துகாரு பாரு," என்றார் மூலையில் இருந்த பெரியவர். "பெரிய மனசு ஓய் ஒமக்கு."

"இல்ல வேய், நெசமாட்டு…"

"அந்த அமைச்சரு நாற்காலியில இருந்து விழுந்ததச் சொல்லும். அதில்லாம கதை செரியாவல்ல."

சிரித்தார்கள். டீக்குக் காசு வாங்கவில்லை. நண்பனுக்காகப் பழி ஏற்றவன் என்று இப்போது ஊரில் எனக்கு ஒரு நல்ல பெயர் வேறு வந்திருக்கிறது. வெள்ளம் என்ற பெயர் உன்மேல் அப்படியேதான் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னவன் சேர்க்காமல் சொன்னால் யார் நம்புவார்கள்?

கடைசியாக உன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உன் பழைய உரக்கடை நாற்காலி கிடந்தது. அதில் உட்காரவில்லை. நின்றுகொண்டே உன் மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும் அண்ணே. மெட்ராஸ்ல இருந்து வந்த அண்ணைக்கே நீங்க எழுதின தாளக் காட்டினாவ."

"பொறவு ஏன் யார்ட்டயும் சொல்லல்ல?"

"நீங்க வந்து சொல்லுவியன்னு பாத்தாவ. எலக்சன் வரைக்கும் பாத்தாவ. மக கல்யாணம் வரைக்கும் பாத்தாவ." கீரைக் காம்பை ஒதுக்கி வைத்தாள். "அந்தப் பஸ்ஸுல போன அண்ணைக்கு வந்து, இனி பாக்கண்டாம்ணு சொல்லிட்டாவ."

உன் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாள் எங்கே என்று கேட்டேன். பஸ்ஸில் போன அன்று இரவு சோறு வெந்த அடுப்பில் நீயே போட்டுவிட்டாய் என்றாள். அப்படியானால் எனக்கு எதிராக ஒரு துண்டுச் சாட்சிகூட நீ வைத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சாதகமாகவும் வைக்கவில்லை. இப்போது நான் சொல்வது உண்மை என்று கையில் எடுத்துக் காட்ட உலகத்தில் ஒன்றும் கிடையாது.

வெயிலில் நடந்து போயிருந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் எழுந்தாள்.

"வெள்ளம் எடுக்கட்டா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். யார் வீட்டுக்குப் போனாலும் நம் பக்கத்தில் கேட்பதுதான். அவள் செம்பில் கொண்டுவந்து வைத்தாள். தொண்டை வறண்டு கிடந்தும் அந்தச் செம்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பந்தியில் நீ கவிழ்த்து வைத்த டம்ளர்தான் கண்ணில் நின்றது. பிறகு குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

வேல்ஸ் வட்டாரத்து அந்த மனிதர் இப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். மகள் அனுப்புகிறாள், போனில் பார்க்கிறேன். போன வாரம் ஒரு பாலம். பாஷை ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது; முதலில் பாதி பிடிபட்டது என்று எழுதினேன், அதைத் தள்ளிவிடு. அவர் எழுந்து நிற்கும்போது ஒருவரும் சிரிக்காமல் இருக்கிறார்களா என்று மட்டும் பார்க்கிறேன். அவர் உட்காரும்வரை எனக்கு மூச்சு சீராவதில்லை.

சட்டையைத் துவைக்கப் போட்டாயிற்று. பஞ்சை வேறு சட்டைப் பையில் மாற்றி வைத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தை நல்ல படியாக, உனக்குக் கண்ணாடி தேவைப்படாத எழுத்தில் எழுதியிருக்கிறேன். நான் சொல்வதில் எதைத் தள்ள வேண்டும் எதை வைக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. பிரபுவைத் தள்ளு. சபாநாயகரைத் தள்ளு. அமைச்சரையும் அவர் விழுந்த நாற்காலியையும் தள்ளு.

உன் தாளைத் தள்ளாதே, மக்கா. அதில் நீ தண்ணீர் என்றுதான் எழுதியிருந்தாய்.